மூன்றாவது கவர்

அந்தச் சனிக்கிழமை பூட்டுக் கம்பெனி முதலாளி சின்னவரின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலியில் சின்னவர். அவருக்கு வலக்கைப் பக்கம், ஜன்னலை ஒட்டி, மடியில் கோப்போடு கணக்கர். இடக்கைப் பக்கம் விற்பனை மேலாளர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. எதிரே மூன்று நாற்காலிகள். நடுவில் இருந்ததில் அரத்துக்காரர், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு. கதவோரம் இருந்ததில் சாவியக்கா. மூன்றாவது நாற்காலியில் ஆள் இல்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு புதுப் பூட்டை அதில் உட்கார வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான் என்பதால் அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை.

விற்பனை மேலாளர் எழுந்து போய்ப் பூட்டின் நெற்றியில் கட்டைவிரலை வைத்தார். ஒரு சின்னச் சத்தம், திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? சாவியும் கெடையாது, நம்பரும் கெடையாது. விரல் போதும். இனிமே எவனும் 'ஐயா, என் விரலத் தொலைச்சிட்டேன், வேற ஒண்ணு அனுப்புங்க'ன்னு லெட்டர் போட மாட்டான்."

சின்னவர் சிரித்தார். சின்னவர் சிரித்ததால் கணக்கர் சிரித்தார். அரத்துக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவரும் ஒருமுறை சிரித்து வைத்தார்.

"அதனால, இந்த மாசக் கடைசியோட மாற்றுச்சாவிப் பிரிவ மூடிடலாம்னு இருக்கோம்," என்றார் சின்னவர். "அரத்துக்காரர் மக வீட்டுக்குப் போறேன்னு ஏற்கெனவே சொல்லிட்டாரு. அக்கா, நீங்க எங்கயும் போக வேணாம். வாசல்கிட்ட ஒரு மேசை போட்டுத் தரேன். காத்தாட இருக்கும். வர்றவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு உக்காந்திருங்க. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அது உங்க எடம்."

"அங்க எனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் சாவியக்கா.

சின்னவர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் கோப்பைப் பார்த்தார்.

"வேலைன்னு தனியா எதுக்குக்கா? நீங்க இருக்கீங்கள்ல, அதான் வேலை."

சொன்னவருக்கு அதில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் அது அவளை அவ்வளவு ஆழமாக வெட்டியது.

சாவியக்கா அந்தப் பூட்டுக் கம்பெனியில் சேர்ந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. பின்கட்டில், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய நடையைத் தாண்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. ஒரு பக்கம் அவளுடைய மேசை, அதன் பின்னால் பதிவேடுகள் அடுக்கிய இரும்பு அலமாரி. மறுபக்கம் அரத்துக்காரரின் பலகை. அதில் சாவியைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், ஒன்பது அரம், ஒரு பல்தூரிகை. பலகைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம் உண்டு. இரும்புத்தூள் வாசனை அவளுடைய கைப்பையில்கூட ஏறிப்போயிருந்தது.

கம்பெனி செய்தது பெட்டகத்தில் மாட்டும் தொங்குபூட்டு. அதற்குச் சாவியும் வேண்டும், மூன்று இலக்க எண்ணும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது உதவாது. சாவியைத் தொலைத்து எண்ணையும் மறந்தவர்கள் கடிதம் போடுவார்கள். பூட்டின் முதுகில் பொறித்திருக்கும் அடையாளத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளையும் இணைக்க வேண்டும். பூட்டு கையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சாவியக்கா தாளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பாள், பதிவேட்டில் தேடுவாள், சாவியின் பல் அளவுகளை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அரத்துக்காரரிடம் நீட்டுவாள். அவர் ராவித் தந்த சாவி திங்கட்கிழமை ஒரு கவரில் போகும். எண் புதன்கிழமை இன்னொரு கவரில் போகும். இரண்டும் ஒரே கவரில் போகவே கூடாது. ஒரு கவரில் இன்னொரு கவரைப் பற்றி மூச்சுவிடவும் கூடாது. ஒன்று கள்ளன் கையில் சிக்கினாலும் அவனுக்குப் பாதிதான் கிடைக்க வேண்டும். சின்னவரின் அப்பா, பெரியவர், தன் காலத்தில் வகுத்த முறை இது. அவர் முழங்கால் வலி என்று வீட்டோடு இருந்துவிட்ட பிறகும் சாவியக்கா ஒரு வாரம்கூட மாற்றியதில்லை.

அப்பா இறந்துபோனார், பெட்டகம் திறக்கவில்லை என்று எழுதுவார்கள். மருமகள் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டாள் என்று எழுதுவார்கள். ஒருவர், நானே ஒளித்துவைத்தேன், எங்கே என்று தெரியவில்லை என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். எல்லோருக்கும் சாவி போனது, எண் போனது. திறந்ததா, உள்ளே என்ன இருந்தது என்று எழுதியவர்கள் இருபத்து மூன்று வருஷத்தில் நான்கே பேர். அதில் ஒருவர், உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் பழைய கோப்புகளைக் காக்கும் அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். நெடுநாள் அனுபவம் இருந்தால் நல்லது. விண்ணப்பம் தபாலில் மட்டும். கடைசித் தேதி இருபத்தெட்டு. அன்றைக்கு ஐம்பது வயது நிறைந்திருக்கக் கூடாது.

அவளுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி ஐம்பது நிறைகிறது.

விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்தாள். அளவுகோல் வைத்துக் கத்தரித்தாள். இனி எந்த வேலைக்கும் எந்தப் படிவத்திலும் வயது என்ற இடத்தைக் கூச்சமில்லாமல் நிரப்ப முடியாது, இதுதான் கடைசி. இதைத் தவறவிட்டால் வாசல் மேசை. எட்டு வருஷம் ஈ ஓட்ட வேண்டும், அதுவும் வணக்கம் சொல்லிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்யும் தம்பி அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டான், வேறு எதற்கோ. அவனிடம் சொன்னாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இந்த அலைச்சல்?" என்றான். "உக்காருன்னு சொன்னா உக்காந்துட்டுப் போயேன். எனக்கெல்லாம் எவனாவது சொல்ல மாட்டானான்னு இருக்கு."

"சும்மா உக்காந்தா எனக்குக் கால் மரத்துப் போகும்டா."

"நடுநடுல எழுந்து நில்லு."

அவனோடு அதற்குமேல் பேச முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அனுபவச் சான்றிதழ் வாங்க வியாழக்கிழமை சின்னவரிடம் போனாள். எதற்கு என்று கேட்பார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். அவர் கேட்கவில்லை. போனில் இருந்தவர் வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு, "நீங்களே எழுதிட்டு வாங்கக்கா, கையெழுத்துப் போட்டுடறேன். உங்களவிட யாரு நல்லா எழுதப் போறா," என்றார்.

தன்னைப் பற்றித் தானே எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. சேர்ந்த தேதி எழுதினாள். பிரிவின் பெயர் எழுதினாள். 'கவனமானவர்' என்று எழுதி அடித்தாள். தன் வாயால் தன்னைச் சொல்லிக்கொள்வதாவது. 'அனுப்பிய எதுவும் தவறான கைக்குப் போனதில்லை' என்று எழுதினாள். அது உண்மை, அதை வைத்துக்கொண்டாள். மொத்தம் நான்கு வரி. சின்னவர் படித்துப் பார்த்தார்.

"இவ்ளோதானாக்கா?"

"இவ்ளோதான்."

"இன்னும் ரெண்டு வரி நல்லதா போட்டிருக்கலாமே," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு வரி என்னவாக இருக்கலாம் என்று அவர் சொல்வார் என ஒரு நிமிஷம் நின்றாள். அவர் போனை எடுத்துவிட்டார்.

படிவத்தைத் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்து வைத்திருந்தாள். பதினாலாவது கேள்வியில்தான் பேனா நின்றது. 'விண்ணப்பதாரர் வேலை செய்யும் முறையை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நேரில் அறிந்த ஒருவர். உறவினராகவோ, அதே நிறுவனத்தில் பணிபுரிபவராகவோ இருத்தல் ஆகாது. எவ்வகையில் அறிவார் என்பதை அவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.'

வெகுநேரம் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்தது. அரத்துக்காரர் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிடுகிறார். சனிக்கிழமை முதல் அவர் அதே நிறுவனத்தில் பணிபுரிபவர் இல்லையே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தன் ஒன்பது அரத்தையும் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது படிவத்தை நீட்டினாள். தேதியை மட்டும் சனிக்கிழமை என்று போடச் சொன்னாள்.

"நாளைக்கு நான் ரயில்ல இருப்பேனேம்மா."

"இருந்தா என்ன? ரயில்ல போறவங்க கையெழுத்துப் போடக் கூடாதா?"

அவர் பலகையில் படிவத்தை வைத்து, எழுத்தெழுத்தாக எழுதி, கையெழுத்திட்டார். ஓரத்தில் கட்டைவிரல் இரும்புத்தூளோடு பதிந்துவிட்டது. "தொடச்சிடவா?" என்றார். "வேணாம், இருக்கட்டும்," என்றாள்.

அவர் போன பிறகு அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அரம் ராவும் சத்தம் இல்லாமல் அவள் எழுதிப் பழகியதே இல்லை. பேனா தாளில் உரசுவது காதில் விழுந்தது. அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள். பேசாமல் இருப்பதிலும் இரண்டு வகை உண்டு: ஆள் இருந்து பேசாமல் இருப்பது ஒன்று, ஆள் இல்லாமல் பேசாமல் இருப்பது இன்னொன்று.

பத்தாம் தேதி திங்கட்கிழமை படிவத்தை ஒரு கவரில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை சான்றிதழ்களை இன்னொரு கவரில் போட்டு அனுப்பினாள். படிவத்தில் சான்றிதழ் வருகிறது என்று எழுதவில்லை. சான்றிதழில் படிவம் வந்திருக்குமே என்று எழுதவில்லை. யோசித்துச் செய்ததும் இல்லை, யோசிக்காமல் செய்ததும் இல்லை. முக்கியமானதை அப்படித்தான் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். செய்து முடித்ததும், சரியாகச் செய்தோம் என்ற நிறைவு வேறு.

இருபத்து நான்காம் தேதி, கம்பெனிக்கு வந்த தபாலில் அவளுக்கு இரண்டு கவர் இருந்தன. இரண்டும் ஆஸ்பத்திரியிலிருந்து. முதல் கவரில் அவளுடைய படிவம். மேலே அச்சிட்ட சீட்டு ஒன்றைக் குத்தியிருந்தார்கள். அதில் ஒரு கட்டத்தில் டிக்: 'சான்றிதழ்கள் இணைக்கப்படவில்லை.' கீழே யாரோ கையால், அழகான கையெழுத்தில், 'வரிசை 14: முன்னாள் ஊழியரும் ஏற்கப்படார்' என்று எழுதியிருந்தார். இரண்டாம் கவரில் அவளுடைய சான்றிதழ்கள். அதே சீட்டு, வேறு கட்டத்தில் டிக்: 'படிவம் இணைக்கப்படவில்லை.'

இரண்டு சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இது அது இல்லை என்கிறது, அது இது இல்லை என்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றிலிருந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் முட்ட, வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபத்து மூன்று வருஷம் கள்ளன் கையில் எதுவும் முழுசாகச் சிக்கக் கூடாது என்று பழகிப் பழகி, கடைசியில் வேலை கொடுப்பவன் கையிலும் முழுசாகச் சிக்கவில்லை!

சிரித்துக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பினாள். அங்கே வைஸ் மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அரத்துக்காரருக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, சௌக்கியமா? பூட்டெல்லாம் சௌக்கியமா?"

"அண்ணே, ஒரு கூத்து கேளுங்க. நான் அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கவர்..."

"என்னது, ஆஸ்பத்திரியா? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணே. கவரு, கவரு! திங்கக்கெழம ஒண்ணு, புதங்கெழம ஒண்ணு..."

போனுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ "தாத்தா, அத அவன் வாயிலேருந்து எடுங்க!" என்றார்கள்.

"பேரப்பய எதையோ முழுங்கிட்டான் போலிருக்கும்மா. வெச்சுடறேன். ஒடம்பப் பாத்துக்க. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகாத."

சீட்டுகளை மடித்தாள். சிரிப்பு போய்விட்டது. மிச்சம் இருந்தது கணக்கு மட்டும்: கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. புதன்கிழமைக்குள் தபாலில் சேர்த்தால்தான் வெள்ளிக்கிழமை போய்ச் சேரும். அதற்குள் பதினாலாவது கேள்விக்கு ஓர் ஆள் வேண்டும்.

புதிதாக ஒரு படிவம் எடுத்தாள். பதின்மூன்று கேள்விக்கும் விடை எழுதினாள். பதினாலில் பேனாவை மூடினாள். உறவும் இல்லை, கம்பெனியும் இல்லை என்று கழித்துவிட்டால் தன்னைத் தெரிந்தவர் என்று யார் மிச்சம்? வெளிச்சுவரையும் உள்சுவரையும் இடித்துவிட்டு வீடு எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், மாடியில் அவள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை ஆதியோடந்தமாகப் படித்தாள்.

"ஏழு வருஷமா மேல இருக்கீங்க. ஒரு சத்தம் வந்ததில்ல. ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. அத வேணா எழுதட்டுமா?"

"வேலை செய்யற முறைய எழுதணுமாம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்மா? காலைல கதவச் சாத்துவீங்க, சாயங்காலம் கதவத் தெறப்பீங்க."

சாயங்காலம் தையல்காரியிடம் போனாள். பன்னிரண்டு வருஷமாக அவளிடம்தான் ரவிக்கை தைக்கிறாள். தையல்காரி வாயில் இருந்த ஊசிகளை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"எனக்கு உங்க அளவு தெரியும்க்கா. மூணு வருஷத்துல இடுப்பு அர இஞ்சி கூடியிருக்கு, தோள் அர இஞ்சி எறங்கியிருக்கு. அத எழுதுனா வேலை குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"அப்ப நான் என்னத்த எழுதறது? நீங்க வருவீங்க, துணியக் குடுப்பீங்க, 'அதே மாதிரி'ன்னு சொல்லிட்டுப் போவீங்க. கோச்சுக்காதீங்க, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தையல்காரி என்ன ஊர், எத்தனை பிள்ளை என்று அவளும் கேட்டதில்லை.

புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தபாலாபீசுக்குப் போனாள். கவுண்டர் நாலு மணிக்கு மூடும். படிவம், சான்றிதழ்கள், பிறந்த தேதிக்கான அத்தாட்சி எல்லாம் ஒரே கவரில். பதினாலாவது கேள்வி காலியாகவே இருந்தது. காலியாக அனுப்பினால் திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த அழகான கையெழுத்துக்காரர் இன்னொரு கட்டத்தில் டிக் போடுவார். ஆனாலும் அனுப்பாமல் இருக்கக் கை ஒப்பவில்லை. கவரின் வாயை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்தாள். ஒட்டுவதற்குள் யாராவது நினைவுக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

மூன்றாம் கவுண்டரில் வழக்கமாக இருக்கும் பெண்தான் இருந்தாள். சேரும்போது ஒல்லியாக இருந்தவள். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள், காதோரம் இரண்டு நரை. இருவருக்கும் இடையில் இத்தனை காலம் நடந்த பேச்சை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். "பதிவா?" "பதிவு." "அடுத்து."

முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவள் முறை வந்தது. கவரைக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினாள். பெண் தராசில் வைத்தாள், விலாசத்தைப் படித்தாள், தட்டச்சு செய்யப் போனவள் நிறுத்தினாள்.

"மேடம், இந்த விலாசத்துக்கு ரெண்டும் போயாச்சே."

"என்ன?"

"பத்தாந்தேதி ஒண்ணு, பன்னெண்டாந்தேதி ஒண்ணு. இது மூணாவது." மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் மூணாவது கவரே கெடையாதே. என்ன ஆச்சு?"

சாவியக்கா கவுண்டர் பக்கம் குனிந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமாப் பாக்கறேன், தெரியாதா? திங்கக்கெழம கனமான கவரு, உள்ள ஏதோ இரும்பு. அதே விலாசத்துக்குப் புதங்கெழம லேசான கவரு. மொத வருஷம், பாவம் மறதி போலிருக்கு, ரெண்டு தடவ அனுப்பறாங்கன்னு நெனச்சேன். அப்பறம்தான் வெளங்கிச்சு, வேணும்னே பிரிச்சு அனுப்பறீங்கன்னு. எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லியிருக்கேன், ஒருத்தங்க இருக்காங்க, பாதி பாதியாத்தான் எதையும் குடுப்பாங்கன்னு."

சாவியக்கா வாயைத் திறந்தாள். அரத்துக்காரரிடம் சொல்ல முடியாமல் போனது முழுவதும் வந்து விழுந்தது: விளம்பரம், படிவம், திங்கள், புதன், இந்தச் சீட்டு அது இல்லை என்றது, அந்தச் சீட்டு இது இல்லை என்றது. கவுண்டர் பெண் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு தலையை முத்திரைக்கட்டையின்மேல் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ மேடம்! வேலைக்குமா? வேலைக்குமா பிரிச்சு அனுப்புவீங்க?"

பின்னால் பார்சலோடு நின்றவர், "சிரிப்பெல்லாம் நாலு மணிக்கு மேல வெச்சுக்கக் கூடாதா? கை வலிக்குது," என்றார்.

"கீழ வையுங்க சார், வலிக்காது," என்றாள் கவுண்டர் பெண், நிமிராமலே.

சாவியக்கா கவரிலிருந்து படிவத்தை உருவிப் பதினாலாவது கேள்வி தெரியும்படி மடித்து, கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "இத... உங்களால முடியும்னா..." என்றாள்.

பெண் படித்தாள். சிரிப்பு நின்றது.

"வேலை செய்யற முறை. அஞ்சு வருஷம். நேர்ல." தனக்குள் எண்ணுவது போலச் சொல்லிக்கொண்டாள். "எனக்கு உங்க வேலையே என்னன்னு தெரியாதே மேடம். உள்ள என்ன அனுப்பறீங்கன்னுகூடத் தெரியாது."

"சரிதான்," என்றாள் சாவியக்கா. படிவத்தை எடுக்கக் கையை நீட்டினாள்.

பெண் விடவில்லை.

"இருங்க. ஒரு திங்கக்கெழம மழை. ரோட்டுல முழங்கால் தண்ணி. நானே லேட்டா வந்தேன். நீங்க கவர பிளாஸ்டிக்ல சுத்தி, படில நின்னுட்டிருந்தீங்க. இன்னொரு நாள் கவர அனுப்பிட்டுப் போனவங்க, கால் மணி நேரத்துல ஓடி வந்து, தபால் பையக் கட்டிடலையே, கதவு நம்பர்ல ஏழா ஒண்ணான்னு சந்தேகம், கொஞ்சம் பாத்துக்கட்டுமான்னு கேட்டீங்க. ஏழுதான். சரியாத்தான் எழுதியிருந்தீங்க. நான் சிரிச்சேன், நீங்க சிரிக்கல." பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். "ஆபீஸ் முத்திரை போட மாட்டேன், கூடாது. என் கையெழுத்து மட்டும்தான். பரவால்லையா?"

"பரவால்ல."

"சார்," என்று பார்சல்காரரைப் பார்த்துச் சொன்னாள், "அஞ்சு நிமிஷம். இவங்க ஆயுசுக்கும் கடைசி விண்ணப்பம்."

"எழுதும்மா, எழுது. நானும் உக்காந்துக்கறேன்," என்று அவர் பார்சலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெண் எழுதினாள். சாவியக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரியும் எழுத்துகளைப் படிக்காமல் இருக்கச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு ஆறு நிமிஷம். ஐந்து நிமிஷம். படிவம் திரும்பி வந்தது. 'பதினோரு ஆண்டுகள். கவுண்டரில். வாரம் இரண்டு முறை. நாளும் தவறியதில்லை, விலாசமும் தவறியதில்லை. தான் எழுதியது சரியாகவே இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பவர். இவர் கையில் கொடுத்ததைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.' கீழே கையெழுத்து. எழுத்து கிறுக்கல்தான், அவசரத்தில் எழுதியது.

சாவியக்கா இரண்டாம் முறை படிக்கவில்லை. படித்தால் அங்கேயே நின்றுவிடுவோம் என்று தோன்றியது. படிவத்தைச் சான்றிதழ்களோடு சேர்த்து, ஓரங்களைத் தட்டி ஒழுங்காக்கி, கவருக்குள் செருகினாள்.

"எல்லாம் ஒண்ணாப் போட்டாச்சா?" என்றாள் பெண்.

"போட்டாச்சு."

"நல்லாப் பாருங்க. அப்பறம் நாலாவது கவர் வாங்க நான் இங்க இருக்க மாட்டேன். நாளைக்கு லீவு."

சாவியக்கா கைப்பையிலிருந்து பசைப்புட்டியை எடுத்தாள். கவரின் மடிப்பில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினாள்.

"வேலை கெடச்சா அந்த ஊருக்கே போயிடுவீங்களா?"

"போகணும். தெனமும் ரெண்டு மணி நேரம் வந்து போக முடியாதே."

"அப்ப இந்தப் பக்கம் வர மாட்டீங்க."

சாவியக்காவின் விரல் மடிப்பின்மேல் நின்றது. பதினோரு வருஷமாக இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தே பத்து நிமிஷம்தான் ஆகிறது. வேலை கிடைக்காவிட்டாலும் சாவி இல்லை, எண் இல்லை. திங்கட்கிழமை இங்கே வர ஒரு காரணமும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் இவளையும் இன்றோடு சரி.

"உங்களுக்கு எழுதறேன்," என்றாள். "கெடச்சுதா இல்லையான்னு."

"எழுதுங்க. ஒரே கவர்ல எழுதுங்க."

பார்சல்காரர் எழுந்துகொண்டார். சாவியக்கா மடிப்பை ஒட்டி, உள்ளங்கையால் நீள அழுத்தி, இருபது எண்ணும் வரை கையை எடுக்காமல் வைத்திருந்தாள். பிறகு கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். பெண் பதிவுச்சீட்டை ஒட்டினாள், முத்திரையை மையில் ஒற்றி இரண்டு இடத்தில் குத்தினாள், ரசீதைக் கிழித்து நீட்டினாள். கவரைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டாள். அது மற்ற கவர்களின்மேல் விழுந்து, சறுக்கி, கண்ணில் படாமல் போனது.

"அடுத்து," என்றாள்.